பகவதி டீச்சர் கை தூக்கினார்

பகவதி டீச்சர் கையைத் தூக்கியது ஃபேனைக் குறைக்கச் சொல்வதற்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அவரைக் குறை சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அட்டக்குளங்கரையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஆசிரியர்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சி. க்ளஸ்டர் என்பார்கள். சனிக்கிழமையைப் பறிகொடுத்தவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ அப்படி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மழையில் பஸ்ஸைத் தவறவிட்டுத் தாமதமாக வந்த பகவதி டீச்சருக்கு மிச்சம் இருந்தது ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அவருக்கு நீர்க்கோவைத் தலை. உச்சியில் காற்று பட்டால் ஒரு வாரத்துக்குத் தும்மல் நிற்காது.

மேடையில் பயிற்சியாளர் ஜிஜி சார் பேசிக்கொண்டிருந்தார். எல்லையோரத்துப் பாறசாலைக்காரர். தமிழில் ஆரம்பிக்கிற வாக்கியத்தை மலையாளத்தில் முடிப்பார், நடுவில் இங்கிலீஷுக்கும் கொஞ்சம் இடம் கொடுப்பார்.

"விக்கின்னு சொன்னா இன்டர்நெட்டில ஒரு கரும்பலகை, கேட்டோ. க்ளாஸில ஆரு வேணும்னாலும் எழுதலாம், ஆரு வேணும்னாலும் அழிக்கலாம்."

இது டீச்சரின் காதில் விழுந்தது. விழுந்ததும் பிடிக்காமல் போயிற்று. சாலை என்கிற கடைத்தெருவை ஒட்டிய மலையாளப் பள்ளிக்கூடத்தில், தமிழில் படிக்கிற பிள்ளைகளின் தமிழ் டிவிஷனுக்கு எத்தனையோ வருஷமாகப் பாடம் எடுக்கிறவர் அவர். தன் கரும்பலகையை இன்னொருவர் துடைக்க இதுவரை அவர் சம்மதித்ததில்லை. சாக்பீஸைக்கூடக் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிற ஆள். அதற்குப் பிறகு ஜிஜி சார் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

ஹால் மொத்தமும் திரும்பியது. ஜிஜி சார் பேச்சை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"டீச்சர் செஞ்சிருக்கீங்க, அல்லே?"

"என்னது சார்?"

அவர் அதற்குள் மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். "பாத்தீங்களா? க்ளாஸுக்காக ஏற்கெனவே விக்கி உண்டாக்கின ஒருத்தராவது இந்த ஹாலில உண்டான்னு கேட்டேன். உண்டு. நம்ம தமிழ் டீச்சர்."

"இல்ல சார், நான் ஃபேனை..." என்று டீச்சர் ஆரம்பித்தார். கைதட்டலில் ஃபேன் காணாமல் போயிற்று.

"அடுத்த மாசம் க்ளஸ்டரில பகவதி டீச்சர் தன்னோட விக்கியை நமக்குக் காட்டுவாங்க. ஏ.இ.ஓ. மேடமும் வருவாங்க" என்றார் ஜிஜி சார். ஏ.இ.ஓ. என்றால் பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற கல்வி அதிகாரி. பக்கத்து நாற்காலிக்காரி கையைப் பிடித்துக் குலுக்கினாள். கைதட்டல் பொல்லாதது. அது கேட்டுக்கொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. டீச்சர் அசடு வழிய உட்கார்ந்தார். ஃபேனை யாரும் குறைக்கவில்லை.

டீ நேரத்தில் ஜிஜி சாரைத் தேடிப் போனார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அங்க ஹால்ல நான் கை தூக்கினது..."

"டீச்சர் ஒண்ணும் சொல்லண்டா" என்று தடுத்துவிட்டார் ஜிஜி சார். "தன்னடக்கம் எனக்குப் புரியும். நம்பரைக் குடுங்க."

திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தும்மிக்கொண்டே முடிவு செய்தார். ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞானபாய் டீச்சருக்குச் சேதி முன்னாலேயே வந்துவிட்டது. அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பகவதி டீச்சரே, நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? தமிழ் டிவிஷனுக்கு கம்ப்யூட்டர் லேப் போட்டாச்சு. புதனும் வெள்ளியும் கடைசி பீரியட்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் லேப் என்பது மற்ற டிவிஷன்களின் சொத்து. கரண்ட் போனால்தான் அது தமிழ் டிவிஷனுக்குக் காலியாகும். லேப் வேண்டும் என்று டீச்சர் மனு எழுதி எழுதி ஓய்ந்திருந்தார்.

"அடுத்த க்ளஸ்டர் வரைக்கும் இது. அங்க ஏ.இ.ஓ. முன்னால நல்லபடியா நடந்துட்டுன்னா வருஷம் முழுக்க உங்களுக்கே. இல்லாட்டி பழையபடிதான், பாத்துக்கிடுங்க" என்றார் ஞானபாய் டீச்சர்.

வராந்தாவில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு கூச்சல் போட்டது. அனுஷா மட்டும் கூச்சல் போடாமல் பக்கத்தில் வந்தாள். அவள் அப்பா சாலைத் தெருவில் பழைய குடைகளைச் சரி பண்ணுகிறவர்.

"டீச்சர், மவுஸை நாங்களே பிடிக்கலாமா? இல்ல, பாக்க மட்டுமா?"

"நீங்களே பிடிக்கலாம்" என்றார் டீச்சர். அதோடு, சொல்ல வந்த உண்மையை விழுங்கினார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூட வாசலில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. "அபிநந்தனங்கள்" என்று மலையாளத்தில் பெரிய எழுத்தில் பாராட்டு. அதற்குக் கீழே, ஆதார் அட்டைக்கு எடுத்த படத்தில் பகவதி டீச்சர், பிடிபட்ட முகத்தோடு. இனி பின்வாங்குவதென்றால் ஊரைவிட்டுத்தான் போக வேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். கணவர் கோலப்பன் சாலையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையின் பில் எல்லாம் அதில்தான். அவரிடம் இரவல் வாங்கிக்கொண்டு டீச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். தெரியாத ஒன்றை ஏற்கெனவே தெரிந்தமாதிரி கேட்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். ஜிஜி சாருக்கு போன் போட்டார்.

"சார், சும்மா ஒரு சந்தேகம். புதுசா ஒருத்தங்க விக்கி தொடங்குனா முதல்ல எங்க அமுக்கணும்னு சொல்லிக் குடுப்பீங்க?"

மறுமுனையில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"டீச்சருக்கு என்ன தோணுது?"

"எனக்கா... மேல மூலையில ஒரு பட்டன் இருக்கு. அதுவா இருக்கும்னு தோணுது."

"அப்போ அதையே அமுக்குங்க. அறிவை நாம குடுக்க முடியாது டீச்சர். அவங்கவங்க உண்டாக்கிக்கணும். கன்ஸ்ட்ரக்டிவிசம் அல்லே? பின்னே, அமுக்கினதும் என்ன வருதுன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்க. ஒரு ரெக்கார்டுக்கு."

என்ன ஆழமான மனிதர் என்று வியந்துகொண்டே டீச்சர் பட்டனை அமுக்கினார். வீடியோக்களைப் பார்த்து, தப்பான இடங்களில் எல்லாம் அமுக்கி, ஒருவழியாக ஒரு விக்கியை எழுப்பி நிறுத்தினார். "நம்ம சாலைத் தெரு" என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு கடையைப் பற்றி எழுத வேண்டும். பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். இதில் என்ன வம்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

அடுத்த புதன்கிழமை, விக்கியோடு போன முதல் லேப் பீரியட் அமர்க்களமாகப் போயிற்று. தமிழில் நாலு வரி எழுதச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடுகிற ஷிஜு, விரல் நோகத் தட்டினான். அவன் அப்பா வேலாயுதன் அண்ணாச்சிக்குச் சாலையில் பலசரக்கு மொத்த வியாபாரம். அவன் எழுதிய முதல் வரி: "சாலைத் தெருவின் முதல் கடை எங்கள் கடை." டீச்சர் அதில் ஒற்றுப்பிழை எதுவும் இல்லை என்று மகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் ஃப்ளெக்ஸுக்குக் கீழே வேலாயுதன் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. இப்படிச் செய்யலாமா?"

"என்ன செஞ்சேன் அண்ணாச்சி?"

அவர் போனை நீட்டினார். "சாலைத் தெருவின் முதல் கடை கோலப்பன் பாத்திரக் கடை. மற்றதெல்லாம் பின்னால் வந்தது" என்று இருந்தது. அதற்குக் கீழே, திருத்தியவர் பகவதி டீச்சர் என்றும் இருந்தது.

இது யார் வேலை என்று டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரைப் பிடித்தார்.

"ஏங்க, அதுல நீங்களா எழுதுனீங்க?"

"பில் போடத் தொறந்தேன். உன் பேருல அது தொறந்து கெடந்தது" என்றார் கோலப்பன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "பொய்யைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கச் சொல்லுதியா? வேலாயுதன் தாத்தா அரிசி வியாபாரம் தொடங்கும்போ அளக்கதுக்குப் படி எங்க வாங்குனாரு? நம்ம கடையில. அப்போ எது முதல் கடை?"

இந்த வாதம் எப்படியோ அண்ணாச்சியின் காதுக்குப் போயிற்று. அவர் பதிலும் இரவுக்குள் விக்கியிலேயே ஏறிவிட்டது. "அரிசி இல்லாத ஊரில் படி வைத்து எதை அளந்தார்கள்? ஆகவே பலசரக்குக் கடையே முதல்."

டீச்சர் மறுபடி ஜிஜி சாரைக் கூப்பிட்டார்.

"சார், எந்த வரியை யாரு எப்போ மாத்துனாங்கன்னு பாக்க வழி இருக்குல்லா?"

"இருக்கணும் அல்லே?"

"எங்க சார்?"

"தேடினா கிடைக்கும் டீச்சர். கிடைச்சா எனக்கும் அனுப்புங்க."

தேடினார். கிடைத்தது. பக்கத்தின் வரலாறு என்று ஒரு மூலையில் இருந்தது. யார், எப்போது, எதை எழுதினார், எதை அழித்தார் என்று அத்தனையும் அங்கே இருந்தது. பழைய நிலைக்குத் திருப்பவும் வழி இருந்தது. டீச்சர் அந்த வம்பு பிடித்த வரியை அடியோடு எடுத்தார். படம் பிடித்து ஜிஜி சாருக்கு அனுப்பினார். உடனே ஒரு கும்பிடு போட்ட படம் பதிலாக வந்தது.

வரி போனதும் இரண்டு கடைக்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. இரண்டு பேரும் அதை எழுதுவதும், டீச்சர் எடுப்பதும், மறுபடி அவர்கள் எழுதுவதுமாக ஒரு நாள் போயிற்று. சரி, பாஸ்வேர்டு போடுவோம் என்று தீர்மானித்தார். வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு அதை மெதுவாகச் சொன்னார். "வெளிய ஒரு ஆளுக்கும் சொல்லக் கூடாது."

சாலையில் ஒரு ரகசியம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது டீச்சருக்குத் தெரியாததல்ல. அங்கேயே பிறந்து வளர்ந்தவர். இருந்தும் நம்பினார். சாயங்காலம் காய்கறி வாங்கப் போனபோது வெற்றிலைக் கடைக்காரர் அவரைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, பாஸ்வேர்டு போட்டா உள்ள போகுது. ஆனா எங்க கடைக்கு அதுல பேஜே இல்லியே. நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

அப்போதுதான் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாரையும் ஒரே பக்கத்தில் அடைத்ததால்தானே சண்டை? ஒவ்வொரு கடைக்கும் தனிப் பக்கம் கொடுத்துவிட்டால் என்ன? அவரவர் பக்கத்தில் அவரவர் முதல் கடையாக இருந்துவிட்டுப் போகட்டும். இது நல்ல யோசனைதான். யோசனைகள் எல்லாமே வீட்டில் இருக்கும்போது நன்றாகத்தான் இருக்கின்றன.

சாலை மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. பூக்கடை வந்தது, பாய்க்கடை வந்தது, வாழைக்குலை மண்டி வந்தது. பிள்ளைகள் எழுதிய பத்திகளுக்கு நடுவே ஓணம் தள்ளுபடி முளைத்தது. "எங்கள் கடையில் பித்தளை உருளி எடை குறையாது, மற்ற கடைகளைப் பற்றி நாங்கள் சொல்வதற்கில்லை" என்று ஒரு வரி வந்தது. அது யார் கைவண்ணம் என்று டீச்சர் வரலாற்றைப் பார்க்காமலே கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெய் அன்றாடம் என்ன விலை என்று வேலாயுதன் அண்ணாச்சி தன் பக்கத்தில் காலையும் மாலையும் போட ஆரம்பித்தார். தேங்காய் எண்ணெய் விலை என்றால் இந்த ஊரில் யாருக்குத்தான் அக்கறை இல்லை? மூன்றாம் நாள் ஸ்டாஃப் ரூமில் மலையாள டீச்சர், கணக்கு டீச்சர், பி.டி. சார் எல்லாரும் "நம்ம சாலைத் தெரு"வைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"டீச்சரே, விக்கின்னா இவ்வளவு உபயோகம்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் ஞானபாய் டீச்சர். "ஆமா, வெல்லம் விலை போட மாட்டாங்களா?"

க்ளஸ்டருக்கு ஒரு வாரம் இருந்தது. ஏ.இ.ஓ. முன்னால் எண்ணெய் விலையும் உருளி விளம்பரமும் விரியப் போவதை டீச்சர் நினைத்துப் பார்த்தார். மண்டை காய்ந்தது. போனை எடுத்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. மொத்தமா பூட்ட முடியுமா? நான் மட்டும் எழுதுத மாதிரி?"

இந்தத் தடவை பேப்பர் வெகுநேரம் புரண்டது.

"பூட்டறதும் தொறக்கறதும் அவங்கவங்க மனசு டீச்சர்" என்றார் ஜிஜி சார் கடைசியில். "பூட்டினா படம் அனுப்பணும், கேட்டோ."

டீச்சர் பூட்டினார். விளம்பரங்களைத் துடைத்தார், விலைகளைத் துடைத்தார், சண்டையைத் துடைத்தார். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்துகிற பழைய சுகத்தோடு பிள்ளைகளின் வாக்கியங்களையும் தன் வாக்கியங்களாக மாற்றி எழுதினார். இப்போது அது அவருடைய சொந்தக் கரும்பலகை. பார்க்க லட்சணமாக இருந்தது. திருப்தியாகத் தூங்கப் போனார்.

புதன்கிழமை லேபில் ஒரு பிள்ளைகூட மவுஸைத் தொடவில்லை.

"என்ன, எழுதுங்க" என்றார் டீச்சர்.

"எழுத முடியல்ல டீச்சர், பூட்டிருக்கு" என்றான் ஷிஜு.

அனுஷா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பற்றி எழுதிய பத்தி அங்கே இருந்தது. "என் அப்பா மழை வந்தால் சிரிப்பார்" என்று அவள் ஆரம்பித்திருந்ததை, "குடை பழுது பார்க்கும் தொழிலுக்கு மழைக்காலம் உகந்தது" என்று டீச்சர் திருத்தியிருந்தார்.

"இது நல்லா இருக்கு டீச்சர்" என்றாள் அனுஷா. "ஆனா இது எங்க அப்பா இல்ல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. இலக்கணப்படி அவர் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பத்தியில் இப்போது சிரிக்கிற மனிதர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வரலாற்றைத் திறந்து, அனுஷாவின் வரியைத் தேடி எடுத்து, பழையபடி வைத்தார். பிறகு பூட்டையும் திறந்துவிட்டார். அது சரியான காரியம் என்று அவருக்குத் தெரிந்தது. சனிக்கிழமை மானம் போகப் போகிறது என்பதும் தெரிந்தது.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. ஏ.இ.ஓ. மேடம் நடுவில். பக்கத்தில் ஞானபாய் டீச்சர், புதுப் பட்டுச் சேலையில். முதல் வரிசை ஓரத்தில் ஜிஜி சார். பகவதி டீச்சர் முதல் காரியமாக ஃபேனைப் பார்த்தார். அது அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

திரையில் "நம்ம சாலைத் தெரு" திறந்தது. டீச்சர் துடைத்திருந்த எண்ணெய் விலை ஓரத்தில் திரும்ப முளைத்திருந்தது. முதல் பக்கத்தின் முதல் வரி: "சாலைத் தெருவின் முதல் கடை வேலாயுதன் பலசரக்குக் கடை."

டீச்சர் பதறிப்போய்ப் பக்கத்தைப் புதுப்பித்தார். "சாலைத் தெருவின் முதல் கடை கோலப்பன் பாத்திரக் கடை" என்று ஆயிற்று. இன்னொரு முறை புதுப்பித்தார். அண்ணாச்சி திரும்ப வந்துவிட்டார். இரண்டு பேரும் கடையில் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று டீச்சர் மைக்கைப் பிடித்தார். லேபும் போகட்டும், ஃப்ளெக்ஸும் போகட்டும்.

"எல்லாரும் மன்னிக்கணும். உண்மையில அன்னைக்கு நான் கை தூக்கினது..."

"டீச்சர், இப்போ அதை மாத்தினது ஆரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு இளம் டீச்சர் எழுந்து கேட்டாள். "அது தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்றார் பகவதி டீச்சர். கை அதுபாட்டுக்கு வரலாற்றைத் திறந்தது. "இந்தா, இது எங்க வீட்டுக்காரர். இது ஷிஜுவோட அப்பா. இங்க பாருங்க, நாலு நாளா ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதுதாங்க."

ஹால் சிரித்தது.

"இப்படி வந்தா வரியை எடுத்துரலாம்னு நெனப்பீங்க. நானும் எடுத்தேன். எடுத்தா கோவம் ரெட்டிக்கும். பாஸ்வேர்டு போடலாம்னு தோணும். பிள்ளையளுக்கு ரகசியம் சொன்னா அது வெத்திலைக் கடைக்குப் போயிரும். பூட்டலாம்னு தோணும். பூட்டாதீங்க. பூட்டுனா பிள்ளையள் மவுஸைத் தொடாது."

கேள்விமேல் கேள்வியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் டீச்சரிடம் பதில் இருந்தது. ஏனென்றால் செய்யக்கூடிய தப்புகளில் அவர் செய்யாமல் விட்டது ஒன்றும் இல்லை. அனுஷாவின் பத்தியைக் காட்டினார். தான் அதை எப்படிக் கெடுத்தார், எப்படித் திரும்ப எடுத்தார் என்பதையும் மறைக்காமல் காட்டினார். "என் அப்பா மழை வந்தால் சிரிப்பார்" என்பதை ஏ.இ.ஓ. மேடம் எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

ஜிஜி சார் வாய் திறந்தது திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் யாரோ பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். முதல் வரி மறுபடி மாறியிருந்தது. "சாலைத் தெருவின் முதல் கடை எது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டு பேருமே என் டீச்சருக்குப் பயப்படுவார்கள்." வரலாற்றில் அனுஷாவின் பெயர் இருந்தது. குடைக்கடையில் அப்பாவின் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கைதட்டல் எழுந்தது. இந்தக் கைதட்டல் டீச்சரை உறுத்தவில்லை.

"ரொம்ப நன்னாயிட்டுண்டு" என்றார் ஏ.இ.ஓ. மேடம். எழுந்து போகும்போது குனிந்து டீச்சரின் காதில், "அந்த எண்ணெய் விலை இன்னைக்குள்ளதுதானா?" என்று கேட்டார்.

ஞானபாய் டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வந்து, லேப் வருஷம் முழுக்கத் தமிழ் டிவிஷனுக்குத்தான் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் பகவதி டீச்சருக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டு. அது காரியம் முடிந்த பிறகுதான் பொதுவாக விழித்துக்கொள்ளும். இத்தனை நாள் தனக்கு வழிகாட்டிய ஒரு மேதையை ஏமாற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. வராந்தாவில் டீயும் பழம்பொரியுமாக நின்றிருந்த ஜிஜி சாரிடம் போனார்.

"சார், இதை இப்போ சொல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. போன க்ளஸ்டர்ல எனக்கு விக்கின்னா என்னன்னே தெரியாது. நான் கை தூக்கினது ஃபேனைக் கொறைக்கச் சொல்லத்தான்."

ஜிஜி சார் பழம்பொரியைக் கீழே வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய பயிற்சியாளர் அட்டையைக் கழற்றி, டீச்சரின் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"அடுத்த க்ளஸ்டர் நீங்கதான் எடுக்கணும் டீச்சர். மேடத்துக்கிட்ட பேசியாச்சு. புது விஷயம் எது வந்தாலும், இதை ஏற்கெனவே செஞ்சவங்க உண்டான்னு முதல்ல கேளுங்க. ஆராவது கை தூக்கினா உடனே பேரை அறிவிச்சிரணும். எதுக்குத் தூக்கினீங்கன்னு மட்டும் கேட்கவே கூடாது."

"ஏன் சார்?"

"போன வருஷம் எங்கிட்ட ஆரும் கேட்கல்ல டீச்சர்" என்றார் ஜிஜி சார். "சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்துங்கன்னு சொல்லத்தான் நான் கை தூக்கினேன்."